தறி வீட்டில் முதல் பிள்ளை

ஆரணியில் இன்று அநேகமாக யாரும் வீட்டில் பிள்ளை பெறுவதில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 60 பேர்தான் என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது நமக்குக் கைவந்துவிட்டது. போய்ச் சேர்ந்த பிறகும் வீடு திரும்பிய பிறகும் செய்யவேண்டியவற்றில்தான் இன்னும் தடுமாறுகிறோம். அதனால் இந்த அத்தியாயம் பிரசவ அறையில் கொஞ்ச நேரமே நிற்கும். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்கும் பிந்தைய நாற்பது நாளுக்கும்தான் அதிக இடம்.

ஆரணியைச் சுற்றிச் சைதாப்பேட்டை, கொசப்பாளையம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் என எங்கே பார்த்தாலும் பல வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வேலை செய்யும் இடமும் சமைக்கும் இடமும் தூங்கும் இடமும் ஒரே கூரையின் கீழ். நெய்து முடித்த சேலைக்குத்தான் கூலி. ஆபீசில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பேறுகால விடுப்பில் சம்பளம் வரும். தார் சுற்றும் பெண்ணுக்கு வராது. அவள் எழுந்து போனால் நெய்கிறவரின் கையும் நின்றுவிடும். கோர்வைச் சேலை என்றால் கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். பாதி வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவிதான். ஆகவே நெசவாளர் வீட்டில் பிரசவத்துக்குத் திட்டமிடுவது என்றால், முதலில் தறிக்குத் திட்டமிடுவதுதான்.

பாவு ஏற்றும் முன்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரம் எண்ணினால் வருவது பிரசவத் தேதி. 37 வாரம் முடிந்ததிலிருந்து எந்த நாளும் வலி வரலாம். எனவே எட்டாம் மாதம் முடிவதற்குள் தறியில் இருக்கும் பாவு எப்போது அறும் என்று கணக்குப் பாருங்கள். பிரசவத்தை ஒட்டிப் புதுப் பாவு ஏற்றவேண்டி வந்தால், சேலை தாமதமாகத்தான் வரும் என்பதைப் பாவு கொடுக்கும் முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆவணி, தை போன்ற முகூர்த்த மாதங்களை ஒட்டிப் பிள்ளை பிறக்கப் போகிறதென்றால் இந்தப் பேச்சு இன்னும் அவசியம். அவசரம் கூடும் அந்த மாதங்களில்தான் பிள்ளை பெற்றவளைப் பத்தாம் நாளே இராட்டை முன் உட்காரவைக்கும் நெருக்கடி வருகிறது. முன்பணம் வாங்குவதென்றால் இந்த நாற்பது நாளையும் கழித்துக்கொண்டு திருப்பும் தவணையைப் பேசுங்கள்.

குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிற பெண்ணாக இருந்தால், வயிறு முன்னே வர வர நெய்த துணி சுற்றும் மரம் வயிற்றில் இடிக்கும். அந்த நிலை வந்ததும் நெய்வதை நிறுத்திவிட வேண்டும். தார் சுற்றலாம், இழை பிணைக்கலாம். அதையும் ஒரே மூச்சில் செய்யாமல் முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். சாயம் காய்ச்சும் இடத்துக்கும் பட்டு வேகவைக்கும் இடத்துக்கும் கர்ப்பிணி போகவே வேண்டாம்.

பரிசோதனைகளில் மூன்றை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது என்பேன். முதலாவது இரத்த அழுத்தம். 140/90க்கு மேல் போனால், அதிலும் தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழ் வலி, முக வீக்கம் சேர்ந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஹீமோகுளோபின். 11க்குக் கீழே இருந்தால் இரத்தச் சோகை. குழந்தை பிறந்தபின் சாதாரணமாகப் போகும் இரத்தத்தைக்கூட அந்த உடம்பு தாங்காது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று பொருள். இந்த எளிய முறையை நாட்டில் பரப்பியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா.

உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் தாய்–சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். தவறவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து.

எங்கே பெறுவது

ஆரணி அரசு மருத்துவமனை இருக்கிறது, ஊரில் தனியார் நர்சிங் ஹோம்களும் உண்டு. சிக்கல் என்றால் கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாக அடுக்கம்பாறை அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதைத் தாண்டி வேலூர் சி.எம்.சி.; ஆரணியிலிருந்து வேலூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இன்னொரு பக்கம் போளூர் வழியாகத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, நஞ்சு கீழிறங்கி இருப்பது, குழந்தை குறுக்காக இருப்பது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் பெரிய மருத்துவமனையில்தான் பெற வேண்டும்; அதை ஒன்பதாம் மாதமே முடிவு செய்யுங்கள். வலி எடுத்த பிறகு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் அந்த நேரம்தான் உயிரைக் கேட்கிறது.

இந்த மண்ணுக்குத் தாமதத்தின் விலை பழக்கமானது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த அமெரிக்க மிஷனரி மகள் ஐடா ஸ்கட்டர், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிகளும் பிரசவ வலியில் தவித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரான தன் தந்தையை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கக் கிளம்பினார். 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் திறந்தார். அதற்கு ஆறு ஆண்டுக்கு முன், 1912இல், புதுக்கோட்டையின் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றிருந்தார். இன்று கர்ப்பிணிக்கு அரசு தரும் நிதியுதவி அவர் பெயரில்தான் வருகிறது.

அன்று தாமதத்துக்குக் காரணம் கூச்சம். இன்று காரணங்கள் வேறு: "மாமா வேலூர்லேர்ந்து வந்துடட்டும்", "ராகு காலம் போவட்டும்". இதற்கு எதிர்த்திசையில் ஒரு வழக்கமும் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 குழந்தைகள் அறுவைச் சிகிச்சையில் பிறந்தன என்கிறது தொடக்கத்தில் சொன்ன 2019–21 கணக்கெடுப்பு. அவற்றில் சில, ஜோசியர் குறித்த நட்சத்திரத்துக்காக முன்னே தள்ளப்படுபவை. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் வயிற்றைக் கிழிக்கக் கேட்காதீர்கள். நுரையீரல் முழுதாகப் பக்குவப்படாத குழந்தை மூச்சுக்குத் திணறும். நல்ல நட்சத்திரத்தில் பிறந்தும் தாயின் மடிக்கு வராமல் தனிப் பிரிவில் கிடக்க நேரிடும். மருத்துவரே அறுவை வேண்டும் என்றால் தயங்க வேண்டாம். காரணம் என்னவென்று கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை.

பைக்குள் தாய்–சேய் நல அட்டை, ஸ்கேன் தாள்கள், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், துவைத்த பழைய பருத்திச் சேலை நான்கைந்து, முன்பக்கம் திறக்கும் இரவு உடைகள், பஞ்சு நாப்கின். அவ்வளவுதான். பால் பாட்டில், ரப்பர், சர்க்கரைப் பொட்டலம் எதுவும் வேண்டாம். இரத்தம் தரக்கூடிய இரண்டு பேரிடம் முன்பே சொல்லி வையுங்கள். 108 வண்டிக்குத் தெருவை அடையாளம் சொல்ல வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாக மாமியாருக்கு, தெரிந்திருக்க வேண்டும்.

வலி

சூட்டு வலி என்று நம் ஊரில் சொல்வது ஒழுங்கில்லாமல் வந்து போகும். படுத்தால், நடந்தால், சீரகத் தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். உண்மையான வலி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டும் வலி கூடிக்கொண்டும் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, இப்படி ஒரு மணி நேரம் வந்தால் கிளம்புங்கள். ஊரைவிட்டுத் தள்ளி இருப்பவர்கள் இன்னும் முன்பாகவே கிளம்பவேண்டும். பனிக்குடம் உடைந்தாலும், இரத்தம் போனாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது.

முதல் பிரசவத்துக்கு நேரம் எடுக்கும். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகும் 12 மணி நேரம்வரை ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லியிருக்கிறது. "இன்னும் பெறலையா" என்று போனில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அந்த நேரம் முழுக்கப் படுத்தே கிடக்கத் தேவையில்லை. நடக்கலாம், குனிந்து சுவரைப் பிடித்து நிற்கலாம், இளநீரோ கஞ்சியோ மருத்துவர் அனுமதித்தால் குடிக்கலாம்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பிரசவ அறைக்குள் பெண் துணை ஒருவர் இருக்கலாம். இந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் யார் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். பயந்து அழுகிறவரோ தன் பிரசவக் கதையைச் சொல்கிறவரோ வேண்டாம். முதுகை நீவிவிட்டு, மூச்சை எண்ணிக் கொடுத்து, தண்ணீர் நீட்டிக்கொண்டு அமைதியாக நிற்கக்கூடிய ஒருத்தி போதும்; அம்மாவைவிட அக்காவோ அண்ணியோ பொருத்தமாக இருந்தால் அவர்களே போகட்டும்.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தை வெளியே வந்தவுடன் துடைத்து, உடை போடாமல் தாயின் நெஞ்சின் மேல் போட்டு, மேலே துணி போர்த்த வேண்டும். தொப்புள் கொடியை ஒரு நிமிடமாவது கழித்துத்தான் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் நஞ்சிலிருந்து இரத்தம் குழந்தைக்குள் ஓடி இரும்புச்சத்தைச் சேர்க்கிறது. தோலோடு தோல் பட்ட சூடு எந்தப் பெட்டிக்கும் குறைந்ததில்லை. கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978இல் இன்குபேட்டர் போதாமல், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பிலேயே கட்டிவைத்தார் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா. இன்று கங்காரு பராமரிப்பு என்று உலகம் முழுவதும் செய்கிறார்கள். 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை என்றால் வீட்டிலும் இதைத் தொடருங்கள். தாய் தூங்கும்போது அப்பாவும் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம்.

நெஞ்சில் கிடக்கும் பிள்ளை தானாகவே மார்பைத் தேடும். முதல் மணி நேரத்துக்குள் அதன் வாயில் மார்பு போக வேண்டும். அறுவைச் சிகிச்சை என்றாலும் முதுகில் போடும் மயக்க ஊசியில் தாய் விழித்தேதான் இருப்பாள். செவிலியரைக் கேட்டால் பிடித்துக் கொடுப்பார். இந்த நேரத்தில்தான் வெளியே காத்திருக்கும் ஆயா உள்ளே வந்து, "பால் இன்னும் ஊறலம்மா, சேனை வெச்சிடலாம்" என்பார். சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கையில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அதே விரலில் கிருமியும் இருக்கிறது. சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாள் குழந்தையின் இரைப்பை கொள்ளுவதும் ஒரு தேக்கரண்டி அளவே. ஆயாவுக்கு முக்கியமான வேறு வேலை கொடுங்கள்: வருகிறவர்களை எல்லாம் கை கழுவச் சொல்லி, ஒவ்வொருவராக உள்ளே விடுவது. அவர் சொன்னால்தான் கேட்பார்கள்.

வைட்டமின் கே ஊசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி: இவை போட்டாயிற்றா என்று அட்டையில் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். சுகப் பிரசவத்திலும் 48 மணி நேரத்துக்கு முன் கிளம்பாதீர்கள்.

பால்

அதிகக் கண்ணீர் சிந்துவது இந்த விஷயத்தில்தான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் சில நாளில் பிள்ளையின் எடை நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்குவரை குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். இது தெரியாமல் மூன்றாம் நாள் "பிள்ளை இளைச்சிடுச்சு, பால் பத்தல" என்று பால் பவுடர் டப்பா வாங்கி வருகிறார்கள். பவுடர் பால் குடித்த பிள்ளை அதிக நேரம் தூங்கும்; மார்பை உறிஞ்சாது; உறிஞ்சாத மார்பில் சுரப்பு குறையும்; அப்புறம் நிஜமாகவே பத்தாது. போதுமா என்று தெரிந்துகொள்ளச் சிறுநீரைப் பாருங்கள்: ஐந்தாம் நாள் முதல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நனைத்தால் போதும். கறுப்பு மலம் போய் மஞ்சளாக வரவேண்டும். நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்கும், இரவிலும்.

காம்பு மட்டும் வாயில் போனால் வெடித்து வலிக்கும். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டி இருக்க வேண்டும். வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் சேர்ந்து உள்ளே போகும்படி குழந்தையை மார்பருகே கொண்டுவாருங்கள். நீங்கள் குனிந்து போனால் முதுகுதான் போகும். மூன்றாம் நான்காம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும். வெந்நீர்த் துணி ஒற்றி, கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு, பிறகு குழந்தைக்குக் கொடுத்தால் இளகும். கட்டியோடு காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

மார்பில் மல்லிகைப் பூ கட்டிக்கொள்வது மட்டும் வேண்டாம். பால் வற்றுவதற்குப் பாட்டிகள் செய்த வைத்தியம் அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பால் நிறுத்தும் மாத்திரைக்கு நிகராக அந்தப் பூ வேலை செய்தது. பிள்ளையை இழந்த தாய்க்கு அது உதவும். பால் கொடுக்கிறவளுக்கு ஆகாது.

ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்றால், அதில் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர், உரை மருந்து, வசம்பு, தெருவில் சங்கில் ஊற்றிக் கொடுக்கும் கழுதைப் பால் எல்லாம் அடக்கம். ஆரணி வெயிலிலும் தாய்ப்பாலில் உள்ள நீரே பிள்ளைக்குப் போதும்.

வீட்டுக்குள்

தாய்வீட்டுக்குப் போகிறீர்களோ புருஷன் வீட்டுக்கோ, குழந்தை இருக்கும் அறை தறி ஓடும் அறையாக இருக்கக் கூடாது. ஒரே அறைதான் என்றால் நடுவில் ஒரு பழைய சேலையாவது கட்டி, குழந்தை படுக்கும் மூலையை ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். ஜக்கார்டு தாங்கும் மரத்தில் தூளி கட்டாதீர்கள். தறி ஆடும்போது அந்த மரமும் ஆடும். மேலே கனமான பெட்டி இருக்கிறது. சரிகைத் தூளும் சாயமும் பட்ட கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிய பிறகே அப்பா பிள்ளையைத் தூக்க வேண்டும்.

பட்டு ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றாதீர்கள். அந்துருண்டையில் உள்ள நாப்தலின், சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுவை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையில் தள்ளும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதென்று வெளியே தெரியாது. தூளிச் சேலை, விரிப்பு எல்லாவற்றையும் துவைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே எடுங்கள். பட்டும் நைலக்சும் வேண்டாம். நைந்த பருத்திதான் நல்லது.

முதல் குளியல் 24 மணி நேரத்துக்குப் பிறகு. எண்ணெய் தேய்த்து மெல்ல நீவுவது நல்லதே. குளிப்பாட்ட வரும் அம்மா மூக்கைப் பிடித்து நீட்டுவது, தலையை உருட்டுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, மார்பில் கட்டியிருக்கும் பாலைப் பிழிவது ஆகியவற்றை முதல் நாளே மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு கொஞ்சம் வீங்கும். பெண் குழந்தைக்கு ஒரு சொட்டு இரத்தமும் படலாம். தாயின் ஹார்மோன் வேலை, தானாகப் போய்விடும். தும்மல், விக்கல், தோல் உரிதல், முதுகில் நீலத் திட்டு இவற்றுக்கும் மருந்து தேவையில்லை. கண் மையும் கண்ணுக்குள் வேண்டாம். சாம்பிராணிப் புகையை முகத்தில் காட்டவே கூடாது.

தொப்புளில் ஒன்றுமே வைக்காதீர்கள்: மஞ்சளோ விளக்கெண்ணெயோ சாம்பலோ பவுடரோ எதுவும். காய்ந்து, ஓரிரு வாரத்தில் தானே விழும். தூங்கும்போது மல்லாந்து படுக்கவையுங்கள். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். கத்திரி வெயிலில் ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிச் சுற்றிவைத்தால் பிள்ளைக்குச் சூடேறும். கையையும் காலையும் தொட்டுப் பார்க்காமல் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால் சரி.

இரண்டு மூன்று நாளில் வரும் லேசான மஞ்சள் பல குழந்தைகளுக்கு உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால்வரை பரவினாலோ வெயிலில் காட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. நீல விளக்குச் சிகிச்சை வேண்டும்.

பெற்றவள்

எல்லோரும் பிள்ளையைப் பார்க்கிறார்கள். பிள்ளை பெற்றவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று யாரும் கேட்பதில்லை. பத்தியம் என்ற பெயரில் அவள் தட்டைக் குறைக்கிறார்கள். பூண்டு, கருவாடு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, பிரசவ லேகியம் எல்லாம் சரி. ஆனால் தண்ணீரைக் குறைப்பதும், காயும் பழமும் தராமல் வெறும் சோறும் பூண்டுக் குழம்பும் போடுவதும் தவறு. தண்ணீர் குடித்தால் வயிறு போடாது. குடிக்காவிட்டால் மலச்சிக்கல் வரும், தையல் போட்ட இடம் வலியில் உயிர் போகும். முட்டையும் பருப்பும் கொய்யாவும் தினமும் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் விடாமல் எடுக்க வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வரும். ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதால் வருவது அது. இரண்டு வாரத்தில் தெளியும். தெளியாமல், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல், தூக்கம் வராமல், சாவைப் பற்றி நினைப்பு வந்தால் அது நோய். "திமிர்", "காத்து கருப்பு" என்று பேசிக் காலத்தைக் கடத்தக் கூடாது. 14416 என்ற இலவச மனநல எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். புருஷன்மாருக்குச் சொல்கிறேன்: இந்த நாற்பது நாளில் இரவு ஒரு முறையாவது குழந்தையின் துணியை மாற்றி, ஏப்பம் விடச் செய்து, தூங்கவைக்கும் வேலையை நீங்கள் எடுங்கள். காலையில் தறி கொஞ்சம் தாமதமாக ஓடட்டும்.

ஓட வேண்டிய நேரம்

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் மறுநாள்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளைக்கு: பால் குடிக்காதது, வலிப்பு, தொட்டு எழுப்பினால்தான் அசைவது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே குழிவது, உடம்பு கொதிப்பது அல்லது சில்லிடுவது, தொப்புளில் சீழ்.

தாய்க்கு: ஒரு மணி நேரத்தில் ஒரு பஞ்சு முழுக்க நனையும் அளவு இரத்தப்போக்கு, குளிர்காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல். பிரசவத்துக்குப் பிறகும் இரத்த அழுத்தம் ஏறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தேசியத் திட்டப்படி 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் பிள்ளையை வீட்டில் வந்து பார்க்க வேண்டும். செவிலியர் வரவில்லையென்றால் போன் செய்து கூப்பிடுங்கள். தாய்வீடு வேறு ஊரில் என்றால் அந்த ஊர்ச் செவிலியரிடம் அட்டையைக் காட்டிச் சொல்லி வையுங்கள்.

காகிதமும் தறியும்

கர்ப்பம் தெரிந்தவுடன் பிக்மி எனும் கர்ப்பப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளியிலும் பிற இடங்களிலும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், அதனால் பெற்றோர் பெயரின் எழுத்தைச் சரிபார்த்து வாங்குங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் ரூ. 18,000, அதில் ரூ. 14,000 வங்கிக் கணக்கில் தவணைகளாகவும், ரூ. 4,000 மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், புருஷன் பெயரில் அல்ல. கைத்தறிப் பட்டு நெசவாளர் நல வாரியத்தில் உறுப்பினரானால் அங்கும் மகப்பேறு உதவி பற்றிக் கேளுங்கள். இதுவரை சேரவில்லையென்றால் கர்ப்ப காலத்திலேயே சேர்ந்துவிடுவது நல்லது.

ஆறு வாரம் முடிந்ததும் இரண்டு பேரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிள்ளைக்குப் பென்டாவேலன்ட், போலியோ, ரோட்டா, நிமோகாக்கல் தடுப்பூசிகள். உங்களுக்கு அழுத்தம், ஹீமோகுளோபின், தையல் பார்ப்பது, அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது பற்றிய பேச்சு. மாதவிலக்கு வராமலேயே மறுபடியும் கரு தங்கலாம். இரண்டு வருட இடைவெளியாவது வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் இந்தச் சமயத்தில் மறுபடியும் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

தார் சுற்றுவதை அதன் பிறகு தொடங்கலாம், ஒரு வேளைக்கு அரை மணி என்று. குழித்தறியில் இறங்குவதற்கு அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் மூன்று மாதமாவது பொறுக்கட்டும். வேலை நேரத்தில் பசி வந்தால் பிள்ளையை உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளேயே தறி இருப்பதன் ஒரே லாபம் அதுதான், அதை விடாதீர்கள். சாயப் பட்டறைக்கோ சந்தைக்கோ வெளியே போகவேண்டி வந்தால் கையைக் கழுவி, கொதிக்கவைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வையுங்கள். வெளியில் 4 மணி நேரம், பிரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும். அடுப்பில் காய்ச்சாமல் வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கி, பாட்டில் இல்லாமல் பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொல்லுங்கள். மீதியானதைத் திரும்ப வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.